டாமி ஹிட்ச்காக் பிறந்த ஊரில்: ஏய்கன் பயணக் குறிப்புகள்

வெள்ளிக்கிழமை இரவு, ஏய்கன்

அட்லாண்டாவிலிருந்து ஐ-20 நெடுஞ்சாலையில் கிழக்கே வந்து, அகஸ்டாவைத் தாண்டி, சவானா ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் தென் கரோலினா. அங்கிருந்து கொஞ்ச தூரம்தான் ஏய்கன். அகஸ்டாவில் மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டி போன வாரமே முடிந்துவிட்டதால் அறை எளிதாகக் கிடைத்தது. போட்டி நடக்கும் வாரத்தில் இந்தப் பக்கம் அறை தேடி வராதீர்கள்.

வந்த காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2024-இல் பாரிஸில் ஒலிம்பிக் நடந்தபோது, நூறு ஆண்டுக்கு முன்னால் அதே ஊரில் நடந்த ஒலிம்பிக்கின் பதக்கப் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அதில் குதிரைமேல் இருந்தபடி மட்டையால் பந்தடிக்கும் போலோவும் இருந்தது. தங்கம் அர்ஜென்டினா, வெள்ளி அமெரிக்கா, வெண்கலம் பிரிட்டன். அமெரிக்க அணியின் நான்கு பெயர்களில் ஒன்று டாமி ஹிட்ச்காக். யார் இவர் என்று தேடப் போனவன் ஒரு வாரம் வேறு எதையும் படிக்கவில்லை. போலோவை விட்டுவிட்டுப் பார்த்தாலும் அவர் வாழ்க்கை அப்படி. 17 வயதில் போர் விமானி, 18 வயதில் போர்க்கைதி, அதே வயதில் தப்பித்தவர், 24 வயதில் ஒலிம்பிக் வெள்ளி, 1922-லிருந்து ஏறக்குறைய பதினெட்டு ஆண்டு உலகின் முதல் வரிசை ஆட்டக்காரர், வால் ஸ்ட்ரீட்டில் வங்கிப் பங்குதாரர், 44 வயதில் இங்கிலாந்தில் விமான விபத்தில் மரணம். 1900 பிப்ரவரியில் அவர் பிறந்தது இந்த ஏய்கனில்தான். நம் வீட்டிலிருந்து மூன்று மணி நேரப் பயணம் என்று தெரிந்த பிறகு எப்படிச் சும்மா இருப்பது?

அப்பாவும் கூட வந்திருக்கிறார். பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். காரில் வரும்போதே கதை முழுவதையும் சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டே வந்தவர் கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இவ்வளவு சொத்தை வச்சுக்கிட்டு அவன் எதுக்குப்பா விமானத்துல ஏறிப் போய் சாகணும்?"

அந்தக் கேள்வியோடுதான் ஊருக்குள் நுழைந்தோம்.

மாலை வெளிச்சம் இருக்கும்போதே சவுத் பவுண்டரி சாலையில் நடந்தோம். இரண்டு பக்கமும் லைவ் ஓக் மரங்கள் கிளைகளைக் கோத்துக்கொண்டு சாலைக்கு மேலே கூரை போட்டிருக்கின்றன. அதிலிருந்து பிரியும் தெருக்கள் பல மண் தெருக்கள். நகராட்சியிடம் பணம் இல்லாமல் விட்டதல்ல. குதிரைக் குளம்புக்குத் தார்ச்சாலை ஆகாது என்பதால் இன்றும் வேண்டுமென்றே மண்ணாக வைத்திருக்கிறார்கள். சிக்னல் கம்பத்தில் சாலையைக் கடக்க அழுத்தும் பொத்தான் இரண்டு உயரத்தில் இருக்கிறது, நடப்பவருக்குக் கீழே ஒன்று, குதிரைமேல் வருபவருக்கு மேலே ஒன்று. அப்பா எக்கி நின்று மேல் பொத்தானைத் தொட்டுப் பார்த்தார்.

சனிக்கிழமை, ஹிட்ச்காக் காடு

ஊரின் நடுவில் ஒரு காடு. சுமார் 2,100 ஏக்கர். டாமியின் தந்தை தாமஸ் ஹிட்ச்காக்கும் சகோதரி ஹெலனும் 1939-இல் ஓர் அறக்கட்டளை அமைத்து, முதலில் 1,191 ஏக்கரை அதற்குக் கொடுத்தார்கள். பிறகு சேர்ந்ததெல்லாம் சேர்ந்து இந்த அளவு. உள்ளே வண்டி ஓட்டக் கூடாது. கால்நடையாகவோ குதிரைமேலோ போகலாம், நுழைவுக் கட்டணம் இல்லை.

காலையிலேயே போய்விட்டோம். நீள ஊசிப் பைன் மரங்கள், கீழே உயரமான புல், கால் பதியும் வெளிர் மணல். ஏப்ரல் மாதத்து மஞ்சள் மகரந்தம் செருப்பிலும் சட்டையிலும் படிந்துவிட்டது. மணல் ஆறு என்று ஓர் இடம் உண்டு. மழை பெய்தால் மட்டும் தண்ணீர் ஓடும், மற்ற நாளில் அகலமான வெறும் மணல் படுகை. சில இடங்களில் மரத்தின் அடிப்பக்கம் கருகியிருந்தது. காட்டுத்தீ அல்ல, திட்டமிட்டு வைக்கும் தீ. இந்தப் பைன் வகைக்கு அவ்வப்போது தரையில் தீ ஓடினால்தான் புதர் குறைந்து இளங்கன்று மேலே வரும்.

இந்த மணல்தான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். 19-ஆம் நூற்றாண்டில் பைன் காற்று நுரையீரலுக்கு நல்லது என்று காசநோயாளிகளை இங்கே அனுப்புவார்கள். அப்படி உடல்நலத்துக்காக செலஸ்டின் யூஸ்டிஸ் என்ற பெண்மணி, பெற்றோரை இழந்த தன் அண்ணன் மகள் லூயிஸை இங்கே அழைத்து வந்தார். லூயிஸ் சாதாரணக் குடும்பத்துப் பெண் அல்ல. தந்தை லூசியானாவின் காங்கிரஸ் உறுப்பினர். அம்மாவழித் தாத்தா வாஷிங்டனின் பெரிய வங்கியாளர் வில்லியம் கார்கரன், கலைக்கூடம் கட்டியவர். இந்த லூயிஸை 1891-இல் மணந்தவர் தாமஸ் ஹிட்ச்காக், நியூயார்க் பணக்காரர், ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர், குதிரைப் பைத்தியம். ஏய்கனின் மணல் நீரைத் தேக்காது, குதிரையின் காலை நோகவிடாது, குளிர்காலத்திலும் உறையாது என்பதைப் பார்த்த பிறகு அவர் இந்த ஊரை விடவில்லை. நண்பர்களையும் இழுத்து வந்தார். நியூயார்க்கில் இரவு ரயிலேறினால் மறுநாள் ஏய்கன். குதிரைகளும் ரயிலில் வந்தன. வில்லியம் விட்னி போன்ற பெரும் செல்வந்தர்கள் அறுபது, எழுபது அறை மாளிகைகளைக் கட்டிக்கொண்டு குளிர்காலம் முழுக்க இங்கேயே இருந்தார்கள்.

தந்தையும் போலோ வீரர்தான். அமெரிக்காவும் இங்கிலாந்தும் முதன்முதலில் மோதிய 1886 நியூபோர்ட் போட்டியில் அமெரிக்க அணித் தலைவர் அவர். தோற்றார்கள். அந்த அணியில் இருந்த இன்னொரு இளைஞர் ஃபாக்ஸ்ஹால் கீன், வால் ஸ்ட்ரீட் செல்வந்தர் ஜேம்ஸ் கீனின் மகன். போலோ முதன்முதலில் ஒலிம்பிக்கில் ஆடப்பட்ட 1900-இல், பாரிஸில் வென்ற அணியில் அந்தக் கீனும் இருந்தார். ஆக, டாமி பிறந்த அதே ஆண்டில் அப்பாவின் பழைய கூட்டாளி ஒலிம்பிக்கில் ஆடியிருக்கிறார். அந்த உலகம் அவ்வளவு சின்னது.

ஆனால் டாமியை ஆட்டக்காரராக்கியது அப்பாவைவிட அம்மாதான் என்று நினைக்கிறேன். லூயிஸ் ஹிட்ச்காக்கை அமெரிக்கப் போலோவின் தாய் என்றே சொல்வார்கள். தன் பிள்ளைகளுக்கு மட்டும் கற்றுக்கொடுக்கவில்லை. ஏய்கனிலும், கோடையில் லாங் ஐலண்டிலும் அக்கம்பக்கத்துச் சிறுவர்களைத் திரட்டி, குதிரை கொடுத்து, தானும் குதிரைமேல் ஏறி அவர்களோடு ஆடியவர். பனிக்காலம் முழுவதும் இங்கே தங்கும் பிள்ளைகளின் படிப்பு கெடக் கூடாது என்று 1916-இல் ஏய்கனில் சிறுவர் பள்ளி ஒன்றையும் தொடங்கினார். பின்னாளில் நாட்டின் முதல் வரிசைக்குப் போன ஆட்டக்காரர்கள் பலர் அவர் கைப்பட வளர்ந்தவர்கள். 1914-இல் கணவனும் மனைவியும் இந்தக் காட்டில் வேட்டைநாய்க் கூட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். உண்மையான நரியைத் துரத்துவதில்லை. முன்கூட்டியே வாசனை தடவிய துணியை இழுத்துப் போய், அந்தத் தடத்தில் நாய்களும் குதிரைகளும் வேலிகளைத் தாண்டி ஓட வேண்டும். அந்த வேலிகள் இன்றும் காட்டுக்குள் இருக்கின்றன. மரக்கட்டைகளுக்கு நடுவே பைன் தழையைச் செருகி வைத்திருக்கிறார்கள். அருகில் போய் நின்றால்தான் உயரம் தெரிகிறது. இதைக் குதிரையோடு தாண்டுவதென்றால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

லூயிஸ் அறுபதைத் தாண்டிய பிறகும் அந்த வேலிகளைத் தாண்டிக்கொண்டிருந்தார். 1933-இன் கடைசியில் குதிரையிலிருந்து விழுந்து உடல் செயலிழந்தது. 1934 ஏப்ரலில் இறந்துபோனார்.

அப்பா ஒரு வேலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தபடி சொன்னார்: "அம்மாவே இப்படின்னா மகன் வேற எப்படி இருப்பான்?"

மதியம் ஹோப்லாண்ட்ஸ் தோட்டத்துக்குப் போனோம். 14 ஏக்கர், அமைதியான இடம். அங்கே பழைய வண்டிக்கொட்டகையில் பந்தயக் குதிரைகளுக்கான அருங்காட்சியகம் இருக்கிறது. குதிரைப் பந்தயத்தில் ஆர்வம் உள்ளவர்களுக்கு நல்ல இடம். எனக்கு அதில் அவ்வளவு பிடிப்பு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை, விட்னி மைதானம்

இன்று போலோ பார்த்தோம். ஏய்கனில் முதல் ஆட்டம் நடந்தது 1882-இல். ஆங்கிலேய அதிகாரிகள் மணிப்பூரிகளிடம் கற்றுக்கொண்டு, 1859-இல் அசாமின் சில்சாரில் முதல் கிளப் அமைத்தார்கள். இங்கிலாந்துக்குப் போய், 1876-இல் ஜேம்ஸ் கார்டன் பென்னட் என்ற பத்திரிகை முதலாளி மூலம் நியூயார்க்குக்கு வந்து, ஆறே ஆண்டில் இந்தச் சின்ன ஊரை எட்டியிருக்கிறது ஆட்டம்.

மைதானத்தின் அளவு தொலைக்காட்சியில் புரியாது. நீளம் 300 கஜம். அகலம், ஓரத்தில் பலகை வைத்திருந்தால் 160 கஜம். இதில் ஒரு பக்கத்துக்கு நாலே பேர். பந்து ஒரு முனைக்குப் போனால் ஆட்டக்காரர்கள் பொம்மைகளாகத் தெரிகிறார்கள். அடுத்த சில நொடியில் எட்டுக் குதிரைகளும் நம் பக்கம் திரும்பி வரும்போது தரை அதிர்வது நாற்காலியில் தெரிகிறது.

ஏழு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஒரு சக்கர், அதாவது ஆட்டத்தின் ஒரு சுற்று. அதற்குள் குதிரை முழு வேகத்தில் ஓடி, நின்று, திரும்பி, மறுபடி ஓடி, மூச்சு வாங்கி நுரை தள்ளிவிடும். உடனே குதிரை மாற்ற வேண்டும். ஆகவே ஓர் ஆட்டத்துக்கு ஒருவருக்கே ஆறு, ஏழு குதிரைகள். ஒவ்வொன்றுக்கும் தீனி, லாடம், லாயம், பார்த்துக்கொள்ள ஆள். ஆரம்பகால ஒலிம்பிக் போலோ வீரர்களின் பட்டியலை எடுத்தால் பிரபுக்களும், குதிரைப்படை அதிகாரிகளும், வங்கி, ரயில்வே முதலாளிகளின் பிள்ளைகளுமாக இருப்பது இதனால்தான். குதிரைகளைக் கப்பலேற்றிக் கண்டம் விட்டுக் கண்டம் கொண்டுபோக வேறு யாரால் முடியும்? ஒலிம்பிக்கில் போலோ 1900, 1908, 1920, 1924, 1936 என ஐந்து முறை மட்டுமே நிலைத்ததற்கும் இந்தச் செலவு ஒரு பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

இடைவேளையில் பார்வையாளர்கள் எல்லாரும் மைதானத்துக்குள் இறங்கி, குளம்பு பெயர்த்துப்போட்ட புல்கட்டிகளைக் காலால் மிதித்துச் சமன் செய்தார்கள். நாங்களும் போனோம். பக்கத்தில் நின்ற வயதானவர் ஒருவர் அப்பாவின் கையில் தன் மட்டையைக் கொடுத்துத் தூக்கிப் பார்க்கச் சொன்னார். நீளமான பிரம்புத் தண்டு, முனையில் மரத்தலை. பந்தை அடிப்பது அந்தத் தலையின் பக்கவாட்டால். குதிரைமேல் நிமிர்ந்து உட்கார்ந்தபடி, ஓட்டத்தில், கீழே கிடக்கும் சின்னப் பந்தை இதால் அடிக்க வேண்டும். அப்பா பேசாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

1924 ஒலிம்பிக் பற்றி இங்கே எழுதிவிடுகிறேன். ஐந்து நாடுகள்: அர்ஜென்டினா, அமெரிக்கா, பிரிட்டன், ஸ்பெயின், பிரான்ஸ். ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணிகளோடும் மோதும் முறை. ஆட்டங்கள் பகாடெல்லிலும் சான் க்ளூவிலும் நடந்தன. அமெரிக்க அணியில் ஹிட்ச்காக்கோடு எல்மர் போசெக், ஃப்ரெட்ரிக் ரோ, ராட்மன் வானமேக்கர். இந்த வானமேக்கர் ஃபிலடெல்ஃபியாவின் பெரிய கடைக் குடும்பத்தைச் சேர்ந்தவர். தங்கத்தைத் தீர்மானித்த ஆட்டம் அர்ஜென்டினாவுக்கு எதிரானது. 6-5, ஒரே கோல் வித்தியாசத்தில் அமெரிக்கா தோற்றது. எந்த விளையாட்டிலும் அர்ஜென்டினா பெற்ற முதல் ஒலிம்பிக் தங்கம் அது. பம்பாஸ் புல்வெளியில் வளர்ந்த குதிரைகளும் அந்தக் குதிரைகளோடே வளர்ந்த மனிதர்களும் என்ன செய்ய முடியும் என்று உலகம் அன்று பார்த்தது. இன்றுவரை போலோவில் அவர்களை யாரும் முந்தவில்லை.

ஹிட்ச்காக்குக்கு அந்தத் தோல்வி முடிவல்ல. 1928-இல் லாங் ஐலண்டின் மெடோ புரூக் மைதானத்தில், அமெரிக்கக் கண்டங்களுக்கான கோப்பையில் அர்ஜென்டினாவை அவருடைய அணி வென்றது. அந்த அணியில் ஆடிய ஏவரெல் ஹாரிமனின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ரயில்வே குடும்பத்து வாரிசு, பின்னாளில் மாஸ்கோவில் அமெரிக்கத் தூதர். இங்கிலாந்துக்கு எதிரான வெஸ்ட்செஸ்டர் கோப்பையில் 1921, 1924, 1927, 1930, 1939 என ஐந்து முறை ஹிட்ச்காக் ஆடினார். ஐந்திலும் வெற்றி. 1927-இல் எதிரில் வந்த அணி இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் ராணுவத்தின் அணி. அந்தக் காலத்தில் மெடோ புரூக்கில் ஒரு சர்வதேச ஆட்டத்துக்கு முப்பதாயிரம் பேருக்கு மேல் கூடுவார்களாம். இன்று விட்னி மைதானத்தில் இருந்த கூட்டம் சில நூறு.

போலோவில் ஒவ்வொருவருக்கும் ஹேண்டிகேப் என்று ஒரு மதிப்பு உண்டு. அதைக் கோல் கணக்கில் சொல்வார்கள். புதியவருக்குக் கழித்தல் இரண்டிலிருந்து தொடங்கும், உச்சம் பத்து. பத்தைத் தொடுபவர்கள் எந்தக் காலத்திலும் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். ஹிட்ச்காக் 1922-இல் பத்தைத் தொட்டார். 1935-ஐத் தவிர 1940 வரை அந்தப் பத்து அவரிடம்தான் இருந்தது.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் 1933. கிழக்கு மாநிலங்களின் அணியும் மேற்கு மாநிலங்களின் அணியும் சிகாகோ அருகே மோதின. கிழக்கின் தலைவர் ஹிட்ச்காக். மேற்கில் செசில் ஸ்மித், டெக்சாஸ் பண்ணையில் மாடு மேய்த்து, குதிரை பழக்கி விற்றுப் பிழைத்தவர். அதே அணியில் எல்மர் போசெக், பாரிஸில் ஹிட்ச்காக்கோடு வெள்ளி வாங்கியவர். முரட்டு ஆட்டம். ஸ்மித் விழுந்து நினைவிழந்தார், ஹிட்ச்காக்கும் விழுந்து அடிபட்டார், ரூப் வில்லியம்ஸ் கால் முறிந்தது. தொடரை மேற்கு வென்றது. கூலிக்குக் குதிரை பழக்கியவர்கள், மாளிகைகளிலிருந்து வந்தவர்களை நேருக்கு நேர் வென்ற நாள் அது. பின்னாளில் ஸ்மித்தும் கால் நூற்றாண்டு காலம் பத்துக் கோல் வீரராகவே நிலைத்தார்.

திங்கட்கிழமை, ஏய்கன்

காலையில் மழை. தூறல் விட்ட பிறகு ஊரின் வடக்குப் பக்கம் யார்க் தெருவுக்குப் போனோம். இம்மானுவேல் பள்ளி என்ற பழைய மரக்கட்டடம், கறுப்பினப் பிள்ளைகளுக்காக 1889-90-இல் கட்டியது. இப்போது இந்த மாவட்டத்துக் கறுப்பின மக்களின் வரலாற்று, கலை மையம். வெளியிலிருந்து பார்த்தோம்.

இங்கே வர வேண்டும் என்று சொன்னவர் அப்பாதான். மாளிகை வாழ்க்கையைப் பற்றிப் படித்தால், அந்த அறுபது அறையை யார் பெருக்கினார்கள், விடியுமுன்னே குதிரைகளைத் தேய்த்துக் கழுவித் தீனி வைத்தவர் யார் என்று கேட்க வேண்டும் என்பார். ஏய்கனில் அந்த வேலைகளைச் செய்தவர்களில் பலர் கறுப்பின மக்கள். மாளிகைக்காரர்கள் வசந்தத்தில் வடக்கே ரயிலேறிய பிறகும் இங்கேயே இருந்தவர்கள். அவர்கள் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி, தனி வாசல். ஹிட்ச்காக்கை நான் மதிக்கிறேன். ஆனால் அவர் வளர்ந்த ஊரை இந்தப் பாதி இல்லாமல் எழுதினால் அது பொய்யாகிவிடும்.

மதியம் மறுபடி மழை. அறையில் உட்கார்ந்து அப்பாவுக்கு அந்தத் தப்பித்தல் கதையை விரிவாகச் சொன்னேன்.

முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியபோது டாமிக்கு 17 வயது. நியூ ஹாம்ப்ஷயரில் செயின்ட் பால்ஸ் பள்ளி மாணவர். அமெரிக்கப் படை சேர்க்காத வயது. ஆனால் பிரெஞ்சு விமானப் படையில் அமெரிக்கத் தன்னார்வலர்களுக்கென்று லாஃபயெட் பறக்கும் படை இருந்தது. படிப்பை விட்டுவிட்டு அதில் சேர்ந்தார். 1918 மார்ச்சில் சுட்டு வீழ்த்தப்பட்டு, காயத்தோடு ஜெர்மானியரிடம் பிடிபட்டார். அப்போது வயது 18.

கைதிகளை ரயிலில் ஏற்றி வேறு முகாமுக்குக் கொண்டுபோகும்போது குதித்துவிட்டார். பகலில் காட்டுக்குள் ஒளிந்துகொள்வது, இரவில் நடப்பது. எட்டு இரவுகளில் நூறு மைலுக்கு மேல் நடந்து சுவிட்சர்லாந்து எல்லையைத் தாண்டினார். பிரெஞ்சு அரசு அவருக்கு குருவா தெ கேர் விருது கொடுத்தது. அப்புறம் ஹார்வர்ட், ஆக்ஸ்ஃபோர்ட். 1921-இல் இங்கிலாந்தின் ஹர்லிங்கம் மைதானத்தில் வெஸ்ட்செஸ்டர் கோப்பையை மீட்ட அமெரிக்க அணியில் இடம். அடுத்த ஆண்டே பத்துக் கோல்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "பதினெட்டு வயசுல எட்டு ராத்திரி தனியா நடந்தவனுக்கு அதுக்கப்புறம் மைதானத்துல என்ன பயம் இருக்கப்போகுது" என்றார்.

உண்மைதான். அவருடைய ஆட்டத்தைப் பற்றி எழுதியவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: நேராகப் பந்துக்கே போவார், வளைந்து ஒதுங்க மாட்டார். நீண்ட தூர அடி, இடைவிடாத தாக்குதல். குதிரைகள் மோதும் என்று தெரிந்தும் கடிவாளத்தை இழுக்காத ஆள்.

1928-இல் மார்கரெட் மெல்லனை மணந்தார். கல்ஃப் ஆயில் நிறுவனத்தைத் தொடங்கிய வில்லியம் லாரிமர் மெல்லனின் மகள். 1937-இல் லேமன் பிரதர்ஸ் வங்கியில் பங்குதாரர். நான்கு பிள்ளைகள். இங்கேயே கதை முடிந்திருந்தால் செல்வத்தில் பிறந்து செல்வத்தில் வாழ்ந்த நல்ல விளையாட்டு வீரர் என்று சொல்லி நகர்ந்திருப்போம். மீதியை நாளை எழுதுகிறேன். நாளை பூலர் போகிறோம்.

செவ்வாய்க்கிழமை, பூலர், ஜார்ஜியா

ஏய்கனிலிருந்து தெற்கே இரண்டு, இரண்டரை மணி நேரம். சவானா நகரத்தை ஒட்டிய பூலரில் அமெரிக்காவின் எட்டாவது விமானப் படைக்கான அருங்காட்சியகம் இருக்கிறது. இங்கிலாந்திலிருந்து ஜெர்மனி மீது பகலில் குண்டு வீசிய படை அது. 1942 ஜனவரியில் அது உருவானது சவானாவில்தான்.

உள்ளே நடுக்கூடத்தில் பி-17 குண்டுவீச்சு விமானம் ஒன்று நிற்கிறது. பக்கவாட்டில் 'சிட்டி ஆஃப் சவானா' என்று பெயர். அதற்குள் பத்துப் பேர் இருப்பார்கள். வயிற்றுப் பக்கம் கண்ணாடிக் கூண்டில் சுருண்டு உட்கார்ந்து சுட வேண்டிய இடம் ஒன்று. நல்ல உயரமான ஆள் உள்ளே போகவே முடியாது. அப்பா அந்த இடத்தில்தான் நீண்ட நேரம் நின்றார்.

1943 அக்டோபர் 14. ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரத்துப் பேரிங் தொழிற்சாலைகளைத் தாக்க இந்தப் படையின் 291 விமானங்கள் கிளம்பின. 60 திரும்பி வரவில்லை. அதாவது ஒரே நாளில் அறுநூறு பேர். காரணம் எளிது. கூடப் போகும் சண்டை விமானங்களுக்குப் பாதி வழிவரைதான் எரிபொருள் தாங்கும். அவை திரும்பியதும் ஜெர்மன் விமானங்கள் பாயும். போய்வர எட்டு மணி நேரம் பறக்கக்கூடிய, அதே சமயம் ஜெர்மன் விமானத்தோடு சமமாகச் சண்டையிடக்கூடிய விமானம் ஒன்று தேவைப்பட்டது.

அந்த விமானம் ஏற்கெனவே இருந்தது என்பதுதான் வேதனை. மஸ்டாங். 1940-இல் பிரிட்டன் கேட்டதற்காக கலிஃபோர்னியாவின் நார்த் அமெரிக்கன் நிறுவனம் வடிவமைத்தது. உடல் அமைப்பு அருமை. ஆனால் அதில் பொருத்திய அலிசன் எஞ்சின் 15,000 அடிக்கு மேலே போனால் திணறும். 1942-இல் பிரிட்டனின் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தின் சோதனை விமானி ரொனால்ட் ஹார்க்கர் அதை ஓட்டிப் பார்த்துவிட்டு, தங்கள் மெர்லின் எஞ்சினை இதில் வைத்துப் பார்க்கலாம் என்றார். வைத்ததும் மணிக்கு 400 மைலைத் தாண்டியது, மிக உயரத்திலும் சக்தி குறையவில்லை. ஆனால் வாஷிங்டனில் அதிகாரிகள் அக்கறை காட்டவில்லை. அவர்கள் கேட்டு வாங்கிய விமானம் அல்ல, வெளிநாட்டுக்காகச் செய்தது.

அப்போது லண்டனில் அமெரிக்கத் தூதரகத்தில் விமானப் பிரிவு உதவி அதிகாரியாக இருந்தவர் டாமி ஹிட்ச்காக். 41 வயதில் சண்டை விமானியாக வேண்டும் என்று கேட்டுப் பார்த்திருக்கிறார், வயதாகிவிட்டது என்று விடவில்லை. அதனால் இந்தப் பதவி. அவர் அந்த விமானத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். தூதர் ஜான் வினான்ட்டிடம் பேசினார். 1942 அக்டோபரில் வாஷிங்டனுக்கு அறிக்கை அனுப்பினார். அதில் அவர் எழுதியதைப் படிக்கும்போது மனம் நெகிழ்கிறது. மஸ்டாங்கின் தகப்பன் ஆங்கிலேயர், தாய் அமெரிக்கர். அதன் அருமையை உணர்ந்து பரிந்து பேச நம் விமானப் படையில் அதற்குப் பெற்றோர் யாரும் இல்லை என்கிறார். நல்ல குதிரைக் குட்டியைப் பார்த்தவர் எழுதும் எழுத்து அது. லாயத்தில் வளர்ந்தவருக்கு இரண்டு நல்ல வம்சங்கள் சேர்ந்தால் என்ன பிறக்கும் என்று தெரியும்.

அப்பாவின் கேள்விக்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. ஒரு சாதாரண அதிகாரி இதே அறிக்கையை எழுதியிருந்தால் கோப்பில் கிடந்திருக்கும். ஹிட்ச்காக்குக்கு எல்லாக் கதவும் திறக்கும். கூட ஆடியவர்கள், கூடப் படித்தவர்கள், மாமனார் வீட்டு உறவுகள், வங்கிக் கூட்டாளிகள் என்று அதிகாரத்தில் இருந்த பாதிப் பேரை அவருக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியும். ஏவரெல் ஹாரிமன் அந்த நாளில் லண்டனில்தான் அதிபர் ரூஸ்வெல்ட்டின் பிரதிநிதியாக இருந்தார். அந்தக் கதவுகளைப் பாதுகாப்பான நாற்காலி ஒன்றைப் பிடிக்க அவர் பயன்படுத்தியிருக்கலாம். அவர் அவற்றை மஸ்டாங்குக்காகத் தட்டினார். 1944 மார்ச்சில் மஸ்டாங்குகள் குண்டுவீச்சு விமானங்களோடு பெர்லின்வரை போய்த் திரும்பின. அதற்குப் பிறகு பி-17-க்குள் இருந்த பையன்கள் ஊர் திரும்பும் வாய்ப்பு மாறியது. ஹார்க்கரும் பொறியாளர்களும் இன்னும் பலரும் சேர்ந்து செய்த வேலை இது, அவர் ஒருவர் சாதனை அல்ல. ஆனால் வாஷிங்டனை அசைத்தவர்களில் அவர் முக்கியமானவர்.

அதோடு நிற்கவில்லை. சொல்லிவிட்டு மேசையில் உட்காருவதில் அவருக்கு உடன்பாடில்லை. ஒரு சண்டை விமானக் குழுவுக்குத் தலைமை கிடைத்தது. போர்முனைக்குப் போகுமுன்னே அந்தக் குழு கலைக்கப்பட்டது. மீண்டும் இங்கிலாந்து, இந்த முறை ஒன்பதாவது விமானப் படையில். மஸ்டாங்குகள் சில செங்குத்தாகப் பாயும்போது விபத்துக்குள்ளாகிக்கொண்டிருந்தன. காரணம் கண்டுபிடிக்கும் பொறுப்பில் இருந்தவர், அனுபவம் குறைந்த விமானிகளை அனுப்பாமல் தானே ஏறினார். 1944 ஏப்ரலில் சாலிஸ்பரி அருகே, பாய்ச்சலிலிருந்து விமானத்தை நிமிர்த்த முடியவில்லை. அவருடைய தந்தை 1941-இலேயே இறந்துவிட்டார்.

இதையெல்லாம் அருங்காட்சியகத்தின் பின்பக்கத் தோட்டத்தில் உட்கார்ந்து அப்பாவிடம் சொன்னேன். சுற்றிலும் கல்லில் பெயர்கள். எட்டாவது படையில் மட்டும் இறந்தவர்கள் 26,000 பேருக்கு மேல்.

அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "நீ சொல்றது சரி. ஆனா தியாகம்னு எழுதாத. அவனுக்கு வேற மாதிரி வாழத் தெரியல. ஆறு வயசுல குதிரைல ஏத்தி வேலியத் தாண்டுன்னு அம்மா சொன்னா, அவன் தாண்டினான். கடைசி வரைக்கும் அதைத்தான் செஞ்சான்."

நான் மறுத்துப் பேசினேன். பழக்கம் வேலியைத் தாண்ட வைக்கும். அறிக்கை எழுதி, ஒவ்வொரு கதவாகத் தட்டி, மாதக்கணக்கில் விடாமல் நிற்க வைக்காது. அதற்கு வேறு ஒன்று வேண்டும். பூலரிலிருந்து விடுதிக்கு வரும்வரை வாதம் நடந்தது, இன்னும் முடியவில்லை.

நாளைக் காலை அட்லாண்டா திரும்புகிறோம். விட்னி மைதானத்தில் வசந்தகால ஆட்டங்கள் ஜூன் வரை ஞாயிறுதோறும் உண்டு. மட்டையைக் காட்டிய அந்தப் பெரியவர் அப்பாவை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். ஊருக்குத் திரும்புமுன் இன்னொரு முறை போக வேண்டும் என்று அப்பா இப்போதே நாள் பார்த்துவிட்டார்.